கணக்கை யார் பெயரில் எழுதுவது?

சென்ற இதழில் கார்பன் தடம் பற்றி வந்த கட்டுரை, படிப்பவரைக் கூண்டில் ஏற்றிக் குற்றம் சாட்டி, அடுத்த பக்கத்திலேயே அபராதம் வாங்கிக்கொண்டு விடுதலையும் செய்துவிடுகிறது. வாதம் நான்கு படிகளில் முடிகிறது. புவி சூடாவதற்கு நாம் ஒவ்வொருவரும் காரணம். எனவே அவரவர் தடத்தை அவரவர் அளக்க வேண்டும். குறைக்க முடிந்ததைக் குறைக்க வேண்டும். முடியாத மிச்சத்துக்குப் பணம் கொடுத்து, எங்கோ ஒரு காட்டையோ காற்றாலையையோ வாழவைத்து ஈடுகட்டிவிட வேண்டும். நிறுவனங்களைக் குறைசொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாம். நாம் வாங்குவதால்தான் அவர்கள் விற்கிறார்களாம்.

நான்கு படிகளிலும் சறுக்கல் இருக்கிறது. முதல் மூன்றில் சறுக்கினால் நேரம் வீண், அவ்வளவுதான். நான்காவதில் சறுக்கினால் காற்றில் கூடுதலாகப் புகை சேர்கிறது. அதனால்தான் இத்தனை நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அளவுகோல். அது எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. சூழலியல் தடம் என்ற கருத்தை 1990-களில் உருவாக்கியவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தியாஸ் வாக்கர்நாகலும். ஒரு நகரமோ நாடோ தன் பிழைப்புக்கு எவ்வளவு நிலத்தைத் தின்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. அதைத் தனிமனிதரின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதில் பெரும்பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு. 2000-இல் தன் பெயரின் இரண்டு எழுத்துகளுக்கு ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்று புது விளக்கம் கொடுத்துக்கொண்ட பிபி, ஒகில்வி விளம்பர நிறுவனத்தின் துணையோடு இந்தப் பேச்சை ஊரெங்கும் பரப்பியது; 2004-இல் அவரவர் தடத்தைக் கணக்கிட ஒரு கருவியையும் இணையத்தில் வைத்தது. அப்போது அதன் சொந்த உற்பத்தி, எண்ணெயும் எரிவாயுவும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பீப்பாய்.

கொடுத்தவர் யார் என்பதால் மட்டும் ஒரு அளவுகோல் பொய்யாகிவிடாது. கொடுத்தவர் அதைத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டாரா என்று கேட்கலாம் அல்லவா? 2030-க்குள் உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்பதாக பிபி 2020-இல் அறிவித்தது. 2023-இல் அது 25 விழுக்காடாகச் சுருங்கியது. 2025-இல் அந்த இலக்கையே கைவிட்டு, எண்ணெய் எரிவாயு முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயர்த்தப்போவதாகச் சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் சிக்கனம் சொன்ன நிறுவனத்தால் ஐந்து வருடம் விரதம் காக்க முடியவில்லை.

இனி அளப்பது. கட்டுரையாளர் செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றச் சொல்கிறார். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் டேவிட் மெக்கே இந்தச் சார்ஜர் உபதேசத்துக்கு 2008-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: ஒரு நாள் முழுக்கச் சார்ஜரை அணைத்து மிச்சம்பிடிக்கும் ஆற்றலை, ஒரு கார் ஒரே நொடியில் தின்றுவிடும்.

சரி, சார்ஜரை விட்டுவிட்டு மொத்த கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். ரீடிங் எடுக்க வரும் ஈ.பி. ஊழியர் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று குறித்துவிட்டுப் போகிறார். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டையாக்சைடு. ஆக, அந்த வீட்டின் பெயரில் 280 கிலோ. அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ், அதே 400 யூனிட் பிரான்ஸில் ஓடினால் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பிரெஞ்சுக்காரர்கள் நம்மைவிடச் சிக்கனக்காரர்கள் என்பதாலா? 1974-இல், பியர் மெஸ்மர் பிரதமராக இருந்தபோது, மின்சாரத்துக்கு இனி எண்ணெயை நம்புவதில்லை, வரிசையாக அணு உலைகள் கட்டுவது என்று அந்த நாட்டு அரசு முடிவெடுத்தது. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்று கூடங்குளம் கண்ட நாம் தனியாகச் சண்டைபோட்டுக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுக்கு முன் ஓர் அமைச்சரவை எடுத்த முடிவு இன்றைக்கு லியோன் நகரத்து மூதாட்டியின் தடத்தைச் சிறிதாக்கிவைத்திருக்கிறது. அவர் அதற்காக ஒரு ஸ்விட்சைக்கூட அணைக்கவில்லை. நம் ஊர்க்காரர் எத்தனை ஸ்விட்சை அணைத்தாலும் அந்த இடத்துக்குப் போய்ச்சேர முடியாது.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979 தொடங்கி ஒவ்வொன்றாக வந்த ஐந்து அலகுகள், தலா 210 மெகாவாட். அதில் ஒன்று முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட் மின்சாரமும், கிட்டத்தட்ட 200 டன் கார்பன் டையாக்சைடும் வரும். சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டு முழுவதற்கும் பொறுப்பாவது சுமார் இரண்டு டன்னுக்கு. அதாவது ஓர் அலகின் ஒரு மணி நேரம், நூறு பேரின் ஓராண்டு. அந்த நூறு பேரில் ஒருவரையாவது கேட்டா அந்தக் கொதிகலனைப் பற்றவைத்தார்கள்?

‘நாம் ஒவ்வொருவரும்’ என்று கட்டுரையாளர் எழுதும்போது யாரையெல்லாம் அந்த ‘நாம்’-இல் சேர்க்கிறார் என்பதும் விளங்கவில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி செப்பாக்கம் என்றொரு ஊர் இருக்கிறது. சாம்பல் குழாய் உடைந்து உப்பங்கழியில் கொட்டுவதும், கொசஸ்தலை ஆற்றில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் சாம்பல் சேற்றில் கால் புதைய நிற்பதும் எண்ணூர்ப் பக்கம் பழகிப்போன செய்தி. நகரத்து ஏ.சி.க்காக அந்தச் சாம்பலைச் சுமக்கிறவருக்கும், அந்த ஏ.சி.யின் கீழே உட்கார்ந்து தடம் கணக்கிடுகிறவருக்கும் ஒரே படிவம், ஒரே கேள்விகள். ஆக்ஸ்ஃபாம் கணக்குப்படி 1990 முதல் 2015 வரை வெளியான கார்பனில் 52 விழுக்காட்டுக்குப் பொறுப்பு உலகின் பணக்காரப் பத்து விழுக்காட்டினர். அடித்தட்டில் இருக்கும் பாதி உலகத்தின் பங்கு 7 விழுக்காடு. விமானத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். 2018 நிலவரத்தை ஆராய்ந்த ஸ்டெஃபான் கோஸ்லிங்கும் ஆண்ட்ரியாஸ் ஹும்பேயும், அந்த ஆண்டு விமானம் ஏறியவர்களே உலகில் 11 விழுக்காட்டினர்தான் என்றும், பயணிகள் விமானப் புகையில் பாதிக்கு ஒரு விழுக்காட்டினர் பொறுப்பு என்றும் மதிப்பிட்டார்கள். ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல் இந்த ஒரு விழுக்காட்டினருக்குக் கிடைத்த நல்ல போர்வை.

நம் ஒன்றிய அரசுக்கும் அந்தப் போர்வை பிடித்துப்போயிற்று. 2022 அக்டோபரில் குஜராத்தின் கேவடியாவில் தொடங்கிவைத்த ‘லைஃப்’ இயக்கம் குடிமக்கள் செய்ய வேண்டிய 75 காரியங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. சிக்னலில் எஞ்சினை அணைப்பது அதில் ஒன்று. நல்ல பழக்கம்தான், பெட்ரோல் மிச்சம். நாட்டின் மின்சாரத்தில் முக்கால்வாசியை நிலக்கரியில் எடுக்கும் அரசு தனக்கென்று இப்படி 75 போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பழக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்ற சோதனையும் நடந்து முடிந்துவிட்டது. 2020-இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியது. விமானங்கள் தரையில் நின்றன, சாலைகள் வெறிச்சோடின. அந்த ஆண்டு கார்பன் டையாக்சைடு குறைந்தது ஐந்தாறு விழுக்காடு. சூடேற்றத்தை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்த ஆண்டுதோறும் 7.6 விழுக்காடு குறைய வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் சொல்லியிருந்தது. கோடிக்கணக்கானோர் வேலையையும் வருமானத்தையும் இழந்தும் எட்டாத இலக்கை, துணிப்பை தூக்கிக்கொண்டு போய் எட்டிவிடலாம் என்று நம்பச் சொல்கிறார் கட்டுரையாளர்.

இப்போது நான்காவது படி, ஈடுகட்டுதல். கட்டுரையின் பாதிப் பக்கம் இதற்குத்தான், ஆபத்தும் இங்கேதான்.

ஒரு டன் கார்பன் கிரெடிட் என்று எதை விற்கிறார்கள்? இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற ஊகத்தை. ஆடித் தள்ளுபடியில் புடவைக்கு முதலில் விலையை ஏற்றி எழுதி, அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் பாதி விலை என்று போர்டு மாட்டும் கடையை நமக்குத் தெரியும். காட்டுக் கிரெடிட்டின் சூத்திரமும் அதுவே. இந்தக் காடு இத்தனை வேகத்தில் அழியப்போகிறது என்று முதலில் ஒரு கணிப்பை ஏற்றி எழுத வேண்டும். பிறகு அழியாமல் நிற்கும் மரமெல்லாம் நாம் காப்பாற்றியது. டன் கணக்கில் விற்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற இடம் 1934 முதல் பறவைகளுக்காகக் காக்கப்பட்டு வருகிறது. அங்கே யாரும் கோடரி எடுக்கப்போவதில்லை. அந்த மரங்களையும் வெட்டாமல் விட்டதாகக் கணக்கெழுதிப் பெருநிறுவனங்களுக்குக் கிரெடிட் விற்றதை 2020-இல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது.

இது ஒரு கடையின் தில்லுமுல்லு என்று ஒதுக்க முடியாது. இந்தச் சந்தையில் மிகப்பெரிய சான்றளிப்பு அமைப்பு வெர்ரா. அதன் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெறும் காகிதமாக இருக்கக்கூடும் என்று 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியனும் ஜெர்மனியின் டீ ட்சைட்டும் எழுதின. வெர்ரா மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சயின்ஸ் இதழில் தேல்ஸ் வெஸ்ட் குழுவின் ஆய்வு வந்தது. ஆறு நாடுகளில் 26 இடங்களை, அதே மாதிரியான, ஆனால் திட்டம் எதுவும் இல்லாத காடுகளோடு ஒப்பிட்டதில், பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று தெரிந்தது. அக்டோபரில், ஜிம்பாப்வேயில் சுமார் எட்டு லட்சம் ஹெக்டேரில் நடந்த கரிபா திட்டத்தை, அதன் கிரெடிட்டுகளை உலகெங்கும் விற்றுவந்த சவுத் போல் நிறுவனமே கைகழுவியது.

காடு வேண்டாம், காற்றாலை என்றால் கண்ணுக்குத் தெரிகிறதே என்பார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கே போவோம். முப்பந்தலில் வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகளில் பல, நூற்பாலை முதலாளிகள் போட்டவை. ஏன் போட்டார்கள் என்று கோவையிலோ ராஜபாளையத்திலோ எந்த மில் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்வார். போட்ட முதலில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடிந்தது. சொந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே மில்லுக்குக் கொண்டுவர முடிந்தது. காற்று சீசனில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தில் பேங்கிங் வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ள முடிந்தது. 1990-களிலேயே இந்தக் கணக்கு கட்டுபடியானது. கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சித் திட்டம் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. வந்தபின், கிரெடிட் பணம் கிடைக்காவிட்டால் இந்தக் காற்றாலையே வந்திருக்காது என்று எழுதிக்கொடுத்தால் போதும், ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அந்தக் கிரெடிட்டை வாங்கிக்கொண்டு அதே அளவுக்குப் புகைவிடலாம் என்றானது. ரஃபேல் கலெலும் சகாக்களும் இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்து 2021-இல் சொன்ன முடிவு: வழங்கிய கிரெடிட்டுகளில் குறைந்தது 52 விழுக்காடு, எப்படியும் கட்டப்பட்டிருக்கும் திட்டங்களுக்குப் போயிருக்கிறது. காற்றாலைமீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதைக் காட்டி ஜெர்மனியில் கூடுதலாக எரிந்த நிலக்கரிமீதுதான் புகார்.

ஈடுகட்டும் முறையின் முழுச் சரித்திரத்தையும் ஒரே ஒரு வாயுவை வைத்துச் சொல்லிவிடலாம். பழைய ஏ.சி.க்கு மெக்கானிக் அடைக்கும் ஆர்-22 கேஸைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். கியோட்டோ கணக்கில் அதன் ஒரு டன், 11,700 டன் கார்பன் டையாக்சைடுக்குச் சமம். ஒரு டன்னை எரித்தால் 11,700 கிரெடிட். சீனாவிலும் இந்தியாவிலும் ஆர்-22 ஆலைகள் இதில் இறங்கின. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் வாரா 2007-இல் நேச்சர் இதழில் இதன் வரவுசெலவைப் பிரித்துக் காட்டினார்: இந்த வாயுவைப் பிடித்து அழிக்க ஆகும் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு, அதற்காகக் கைமாறக்கூடிய கிரெடிட்டின் மதிப்பு 470 கோடி யூரோ வரை. கேஸ் விற்று வரும் லாபத்தைவிடக் கழிவை எரித்து வரும் லாபம் பெரிது. கழிவுக்கு இந்த விலை என்றால் எந்த முதலாளி கழிவைக் குறைப்பார்? ஐரோப்பிய ஒன்றியம் விழித்துக்கொண்டு 2013-இல் இந்தக் கிரெடிட்டுகளைத் தடைசெய்தது. பிறகு 2016 அக்டோபரில், ருவாண்டாவின் கிகாலியில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, மேட்டூர் ஆலை உட்பட நாட்டில் ஆர்-22 தயாரித்த ஐந்து நிறுவனங்களும் எச்எஃப்சி-23-ஐத் தங்கள் சொந்தச் செலவில் எரித்தாக வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவு போட்டது. பல நூறு கோடி யூரோ கொட்டியும் கோணல்வழியில் நடந்த காரியம், ஓர் உத்தரவில் நேராயிற்று. கட்டுரையாளர் இந்த வாயுவின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை.

சில திட்டங்கள் மோசடி என்பதால் கொள்கையே தப்பாகிவிடுமா, தரக்கட்டுப்பாட்டைக் கூட்டினால் போகிறது என்பது அவருடைய அடுத்த தற்காப்பு. தரக்கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டுமானால் குறைந்த எடைக்குக் குரல்கொடுக்க ஒருவராவது இருக்க வேண்டும். இங்கே விற்பவருக்குக் கிரெடிட் கூடினால் லாபம். வாங்குபவருக்கு அது மலிவாகக் கிடைத்தால் லாபம். அவர் சரக்கை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை, ரசீதைத்தான் எடுத்துப்போகிறார். சான்றளிப்பவருக்குக் கட்டணம் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் வருகிறது. ஏமாறுவது வளிமண்டலம், அதற்குப் பேரம்பேசும் மேசையில் நாற்காலி இல்லை.

நேர்மையான திட்டமே என்று வைத்துக்கொண்டாலும் காலக்கணக்கு உதைக்கிறது. விமானம் இன்று கக்கிய கார்பன் டையாக்சைடில் ஒரு பங்கு பல நூற்றாண்டு காற்றில் நிற்கும். அதற்கு ஈடான மரமும் அத்தனை காலம் நிற்க வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2021 ஜூலையில் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, கிரெடிட்டாக விற்றுத்தீர்ந்த காட்டையும் சேர்த்தே எரித்தது. தீ வந்தால் சமாளிக்க என்று கலிஃபோர்னியா தன் திட்டத்தில் நூறு ஆண்டுக்குக் கணக்கிட்டு ஒதுக்கிவைத்த கிரெடிட்டுகளில் 95 விழுக்காடாவது பத்தே ஆண்டுக்குள் தீக்கிரையாகிவிட்டது என்று 2022-இல் வந்த ஆய்வு சொன்னது. சூடேறும் பூமியில் காடு எரியும்; எரியும் காட்டை அடமானம் வைத்து மேலும் சூடேற்றச் சொல்வது எந்த ஊர் விவேகம்?

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது மேல் அல்லவா என்று கட்டுரை முடிவில் கேட்கிறார். மேல் அல்ல, கீழ். காட்டுக்கு நன்கொடை கொடுங்கள், யார் தடுத்தார்கள்? நன்கொடை கொடுப்பவர் பதிலுக்கு எதையும் எரிக்கும் உரிமை கேட்பதில்லை. கிரெடிட் வாங்குபவர் கேட்கிறார். கிரெடிட் பொய்யானால் வாங்கியவருடைய புகை மட்டும் மெய்யாக நிற்கிறது, அதுவும் குற்ற உணர்வு கழுவப்பட்டு. சென்னையிலிருந்து லண்டன் போய்வர ஒரு பயணிக்கு ஒரு டன்னுக்கும் மேல் ஆகும். சில நூறு ரூபாயில் அது கரைந்துவிடும் என்று நம்பியவர் அடுத்த டிக்கெட்டையும் நிம்மதியாகப் போடுவார். இந்த நிம்மதியை விற்றதற்காகத்தான் 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கேஎல்எம் விமான நிறுவனத்தின் விளம்பரங்கள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது. ஈடுகட்டியதைக் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலைப் பொருள் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டில் இயற்றியது. அங்கே கதவடைத்த கடையின் சரக்கை இங்கே புதுச்சரக்கு என்று கடைவிரிக்கிறார் கட்டுரையாளர்.

கடைசியாக, நாம் வாங்குவதால்தான் அவர்கள் விற்கிறார்கள் என்ற குட்டு. கடைசி பஸ் இரவு எட்டரைக்கே போய்விடும் ஊரில், இரண்டாவது ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வெளியே வரும் மில் தொழிலாளி தவணையில் பைக் வாங்குகிறார். அவர் பெட்ரோலைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! அவருக்கு இருந்த ஒரே தேர்வு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது. பத்தரைக்கு ஒரு பஸ் விடுவதா இல்லையா என்ற தேர்வு போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் இருந்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு ஓசோனைக் காத்தபோதும், ஃபிரிட்ஜ் வாங்கியவர்களை உட்காரவைத்துத் தடம் கணக்கிடச் சொல்லவில்லை. வாயுவைத் தயாரித்தவர்களுக்குக் காலக்கெடு விதித்தார்கள்.

சிக்கனமாக இருங்கள், நடந்து போங்கள், விமானத்தைக் குறையுங்கள். பணம் மிஞ்சும், உடம்புக்கும் நல்லது; வசதி உள்ளவர்களுக்கு அது கடமையும்கூட. அதை அரசியலுக்கு மாற்றாக விற்காதீர்கள் என்பதுதான் என் சண்டை. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியில் 1,320 மெகாவாட்டுக்கு நிலக்கரி நிலையம் எழுந்திருக்கிறது. எழுபது விழுக்காடு திறனில் ஓடினாலே ஆண்டுக்கு 70 லட்சம் டன்னைத் தாண்டும். ஒரு குடும்பம் மாதம் ஐந்து யூனிட் மிச்சம்பிடித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 கிலோ குறையும். அந்த ஒரு நிலையத்தை ஈடுகட்ட 16 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேண்டும். தமிழ்நாட்டில் மொத்தத் தலைகளே எட்டுக் கோடிக்குள்தான்.

இப்படி ஒரு நிலையம் வருமுன் சட்டப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கே பெரும்பாலும் மீனவர்களும் விவசாயிகளும்தான் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். மின்கட்டணத்தைத் தீர்மானிக்குமுன் ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை நடத்தும். எங்கிருந்து எவ்வளவு மின்சாரம் வாங்குகிறார்கள் என்ற கணக்கு அங்கே மேசைக்கு வரும், யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். தடம் கணக்கிடத் தெரிந்த படித்தவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கட்டுரையாளர் அடுத்து ஒரு பட்டியல் போடுவாரானால், அந்த இரண்டு கூட்டங்களையும் முதலிரண்டு வரிகளில் எழுதட்டும். சார்ஜரைக் கழற்றுவது எழுபத்தாறாவதாக இருந்துவிட்டுப் போகட்டும்.